இறப்பு வரை அல்லது மறுமணம் வரை

அரசு ஊழியர் இறந்துவிட்டால் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதற்கு மத்திய அரசின் ஓய்வூதிய விதிகள் ஒரே வரியில் பதில் சொல்கின்றன: அவர் இறக்கும் வரை, அல்லது மறுமணம் செய்துகொள்ளும் வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. 1972ஆம் ஆண்டு விதிகளில் 54ஆம் விதியாக இருந்தது இது. அவற்றின் இடத்துக்கு வந்த 2021ஆம் ஆண்டு விதிகளில் 50ஆம் விதியாகத் தொடர்கிறது. தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்கான ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995இலும் இதே நிபந்தனை உண்டு. கருவூலத்திலும் வங்கியிலும் விதவைகளிடம் வாங்கும் “மறுமணம் செய்துகொள்ளவில்லை” என்ற உறுதிமொழி இந்த வரியிலிருந்து பிறந்ததுதான்.

விதி மனைவியை இழந்த கணவருக்கும் பொருந்தும். ஆனாலும் நடைமுறையில் இதன் பாரம் பெண்கள் தலையில்தான் விழுகிறது. முப்பது வயதில் கணவனை இழந்த பெண், மாதாமாதம் வரும் பணமா, இன்னொரு வாழ்க்கையா என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அரசு ஏன் அவளை இந்தக் கணக்குக்குள் தள்ள வேண்டும்? சாவையும் கல்யாணத்தையும் ஒரே வரியில் முதலில் நிறுத்தியது யார்? இந்தக் கேள்வியோடுதான் பழைய விதிநூல்களையும் சட்டத் தொகுதிகளையும் தீர்ப்புகளையும் பின்னோக்கிப் புரட்டத் தொடங்கினேன்.

முதல் நிறுத்தம் 1964. இன்று நாம் அறிந்த குடும்ப ஓய்வூதியத் திட்டம் அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் குடும்ப ஓய்வூதியம் என்று ஒன்று இருந்தது; ஆனால் வரையறுத்த சில ஆண்டுகளுக்கு மட்டும். வாழ்நாள் முழுவதும் என்ற நிலை 1964இல்தான் வந்தது. அதற்கு ஊழியர் தன் பணிக்கொடையிலிருந்து இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையை விட்டுக்கொடுக்க வேண்டும். 1977 செப்டம்பர் 22 முதல் அந்தப் பிடித்தம் நீக்கப்பட்டது. ஆனால் 1964க்கு முன்பே கணவனை இழந்தவர்களும், இத்திட்டத்துக்குள் வராத ஊழியர்களின் மனைவியரும் வெளியிலேயே நின்றார்கள்.

அவர்களின் வழக்குதான் 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பூணம்மாள் எதிர் இந்திய ஒன்றியம். பிடித்தமே இல்லாமல் மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது இந்த முதிய விதவைகளை மட்டும் விலக்குவது நியாயமில்லை என்று சொல்லி, 1977 செப்டம்பர் 22 முதல் அவர்களுக்கும் குடும்ப ஓய்வூதியம் தர நீதிமன்றம் உத்தரவிட்டது. இதற்கு அடித்தளம் போட்டது 1982 டிசம்பர் 17ஆம் தேதி வந்த நகாரா தீர்ப்பு. ஓய்வூதியம் அரசு மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று அரசியல் சாசன அமர்வு அதில் உறுதியாகச் சொன்னது. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான்.

இந்தத் தீர்ப்புகளைப் படித்தபோது என் கேள்வி இன்னும் கூர்மையானது. ஓய்வூதியம் உழைப்புக்கான உரிமை என்றால், இறந்தவர் முப்பது ஆண்டுகள் உழைத்தது அவர் மனைவியின் மறுமணத்தால் இல்லாமல் போய்விடுமா? தகுதியின் அடிப்படை கணவனின் பணி என்றால், அது முடிந்துபோன உண்மை. பின்னால் நடக்கும் எதுவும் அதை மாற்ற முடியாது. அப்படியானால் இந்த நிபந்தனை வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

அடுத்த தடயம் ராணுவத்தில் கிடைத்தது. 1961ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் பற்றிய பகுதியிலும் மறுமணத் தடை இருக்கிறது. கூடவே ஒரு விலக்கும் இருக்கிறது. விதவை தன் கணவரின் உடன்பிறந்த சகோதரரை மணந்துகொண்டு, தகுதியுள்ள மற்ற வாரிசுகளோடு ஒரே குடும்பமாக வாழ்ந்தாலோ அவர்களைத் தாங்கி வந்தாலோ, ஓய்வூதியம் நிற்காது.

ராணுவ வீரத்துக்கான விருதுகளோடு வரும் மாதாந்திரத் தொகையில் இந்த விலக்கின் பயணத்தைத் தேதி வாரியாகவே பின்தொடர முடிகிறது. 1972 பிப்ரவரி 4ஆம் தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம், விருது பெற்றவரின் மறைவுக்குப் பிறகு அவர் மனைவிக்கு இறப்பு வரை அல்லது மறுமணம் வரை தொகை உண்டு என்றது. 1995 ஜனவரி 31ஆம் தேதித் திருத்தம், கணவரின் சகோதரரை மணந்தால் தொகை தொடரும் என்று சேர்த்தது. 2017 நவம்பர் 16ஆம் தேதி அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. யாரை மணந்தாலும், மணக்காவிட்டாலும், இறக்கும் வரை தொகை அவருக்குரியது என்றாயிற்று. அந்த ஆண்டில்தான் பரம் வீர் சக்ரா பெற்றவருக்கான மாதத் தொகை 10,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக உயர்ந்தது. எல்லையில் உயிர்விட்டவரின் மனைவி யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் அரசின் கடிதம் 22 ஆண்டுகள் தலையிட்டிருக்கிறது.

கணவரின் சகோதரர் மட்டும் ஏன் விதிவிலக்கு? பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் விதவையைக் கணவனின் தம்பிக்கோ அண்ணனுக்கோ மணம்செய்து வைக்கும் ‘கரேவா’ என்ற வழக்கம் இருந்தது. காலனி அரசின் ராணுவம் பெருமளவில் ஆள் எடுத்த பகுதியும் அதுதான். விதவை வெளியே மணம்செய்து போனால் அவள் பங்கு நிலமும் குடும்பத்தை விட்டுப் போய்விடும் என்ற அச்சத்தில் இந்த வழக்கம் வலுப்பெற்றதையும், காலனி நிர்வாகம் அதற்குத் துணைநின்றதையும் வரலாற்று ஆய்வாளர் பிரேம் சௌத்ரி விரிவாக எழுதியிருக்கிறார். ராணுவ விதியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அதன் உள்நோக்கம் விளங்குகிறது. பணம் கணவன் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. விதவை அந்த வீட்டிலேயே இருந்தால் பணமும் அவளிடம் இருக்கலாம்.

ஆக, தேட வேண்டிய இடம் ஓய்வூதிய விதிநூல் அல்ல, சொத்துச் சட்டம் என்பது தெளிவானது. அங்கே 1856 காத்திருந்தது.

ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் போராட்டத்தால் வந்த இந்து விதவைகள் மறுமணச் சட்டம் அந்த ஆண்டு ஜூலையில் நிறைவேறியது. அது 1856ஆம் ஆண்டின் 15ஆம் சட்டம். விதவை மறுமணம் சட்டப்படி செல்லும் என்று அறிவித்த அந்த மகத்தான சட்டத்தை நாம் அனைவரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதன் 2ஆம் பிரிவைப் பாடநூல்கள் சொல்வதில்லை. இறந்த கணவனின் சொத்தில் ஜீவனாம்சமாகவோ வாரிசு முறையிலோ விதவைக்கு இருக்கும் உரிமைகள் அவள் மறுமணம் செய்துகொண்ட உடனே முடிவுக்கு வரும் என்கிறது அந்தப் பிரிவு. எப்படி முடிவுக்கு வரும் என்பதற்கும் அது அளவுகோல் தருகிறது. அன்றைக்கே அவள் இறந்துபோயிருந்தால் எப்படியோ, அப்படி. அதன் பிறகு சொத்து கணவனின் அடுத்த வாரிசுகளுக்குப் போகும்.

மறுமணம் செய்த பெண்ணைக் கணவனின் சொத்தைப் பொறுத்தவரை இறந்தவளாகக் கருதிய சட்டம் இது. இறப்பையும் மறுமணத்தையும் சரிசமமாக நிறுத்திய அந்த வரியை இங்கே கண்டேன். ஓய்வூதிய விதியை எழுதியவர்கள் இந்தப் பிரிவைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்குள்ளும் ஓடுவது ஒரே எண்ணம்: கணவன் வழியாக வந்தது விதவைக்கோலம் இருக்கும் வரைக்கும்தான்.

இந்தப் பிரிவு தமிழ் மண்ணில் எப்படி இறங்கியது என்பதற்கு மெட்ராஸ் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று சாட்சி. இந்தியச் சட்ட அறிக்கைகளின் மெட்ராஸ் வரிசை, முதல் தொகுதி, 226ஆம் பக்கம்: முருகாயி எதிர் வீரமாகாளி, ஆண்டு 1877. மறவர் சமூகத்தைச் சேர்ந்த விதவை மறுமணம் செய்துகொள்கிறார். அந்தச் சமூகத்தில் ‘அறுத்துக் கட்டும்’ வழக்கம் சட்டத்துக்கு முன்பே உண்டு. மறுமணத்துக்கு அவருக்கு 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுமதி தேவையே இல்லை. இருந்தும் மறுமணம் செய்தவர் முதல் கணவனின் சொத்தை வைத்திருக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதே கேள்வி 1889இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது அது எதிர்த்திசையில் போனது. வழக்கப்படியே மறுமணம் செய்துகொள்ளும் உரிமை உள்ள பெண், புதிய சட்டத்தால் எதையும் பெறவில்லை. ஆகவே அந்தச் சட்டத்தால் எதையும் இழக்கவும் தேவையில்லை என்றது அந்த நீதிமன்றம். மறுமணத்தை ஏற்றுக்கொண்டிருந்த தமிழ்ச் சமூகங்களின் பெண்களுக்கு, மறுக்கப்பட்டவர்களை விடுவிக்க வந்த சட்டத்தின் காலத்தில் நீதிமன்றம் தண்டனையைக் கொண்டுவந்து சேர்த்தது. இந்தத் தேடலில் என்னை மிகவும் வருத்திய பக்கம் அந்த 226தான்.

இன்னும் பின்னால் போனால் கிழக்கிந்தியக் கம்பெனி. வங்காள நவாப் மீர் ஜாஃபர் ராபர்ட் கிளைவுக்கு விட்டுச்சென்ற ஐந்து லட்சம் ரூபாயைக் கொண்டு 1770இல் கிளைவ் பிரபு நிதி என்ற ஏற்பாடு உருவானது. உடல் முடங்கிய அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும், இறந்தவர்களின் மனைவியருக்கும் அதிலிருந்து உதவி. விதவைக்கான உதவி அவர் விதவையாக இருக்கும் காலம் வரை மட்டும். ஆங்கிலேயரும் இந்தியரும் தனித்தனியே வைத்திருந்த ஒரே நம்பிக்கை கம்பெனி ஆட்சியில் கைகோத்துக்கொண்டது. பெண்ணுக்குச் சோறு போடுவது கணவனின் பொறுப்பு. ஒருவன் போனால் அரசு. இன்னொருவன் வந்தால் அரசு விலகிக்கொள்ளும். இந்தக் கணக்கில் அவளுடைய வயது, படிப்பு, வருமானம், கடன், பிள்ளைகள் எதற்கும் இடமில்லை. அவளுக்கு யார் கணவன் என்பது மட்டுமே கேள்வி.

இந்த வேரின் கதி என்ன ஆனது என்றும் பார்த்தேன். சொத்துச் சட்டத்தில் அது அறுந்துவிட்டது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு பெண்ணின் சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கியது. 1856ஆம் ஆண்டுச் சட்டம் 1983இல் நீக்கப்பட்டது. மறுமணம் செய்த சில உறவினர் விதவைகளை விலக்கிவைத்த 24ஆம் பிரிவும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் போய்விட்டது. கணவனிடமிருந்து அடைந்த பங்கு மறுமணத்தால் பறிபோகாது என்று செரோட்டே சுகதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் உறுதிசெய்தது.

இன்றைய நிலையைச் சேர்த்துப் பாருங்கள். அரசு ஊழியரின் விதவை மறுமணம் செய்துகொண்டால், கணவன் கட்டிய வீட்டில் அவருக்குள்ள பங்கு போகாது. நிலத்தில் உள்ள பங்கு போகாது. வங்கி வைப்பில் வந்த பங்கும் போகாது. மாத ஓய்வூதியம் மட்டும் போய்விடும். சொத்திலிருந்து துரத்தப்பட்ட பழைய நிபந்தனை கடைசியாக ஒதுங்கியிருக்கும் இடம் ஓய்வூதிய விதிநூல்.

அங்கேயும் விரிசல் விழத் தொடங்கிவிட்டது. ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு மத்திய அரசு, பிள்ளைகள் இல்லாத விதவை மறுமணம் செய்துகொண்டாலும் குடும்ப ஓய்வூதியம் தொடரும் என்று 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவருடைய சொந்த வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியத்தை எட்டினால்தான் அது நிற்கும். பிள்ளைகள் இருந்தால் தாய் மறுமணம் செய்த நாளிலிருந்து ஓய்வூதியம் பிள்ளைகளுக்குப் போகிறது. அவர்களுக்கு 25 வயது ஆகும் வரை, திருமணம் ஆகும் வரை, அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை. மறுமணத் தடையை ஆதரிப்பவர்கள் சொல்லும் வலுவான காரணம் இதுதான்: பணம் அநாதையான பிள்ளைகளுக்குப் போக வேண்டாமா? கட்டாயம் போக வேண்டும். அதற்குப் பிள்ளைகளின் பங்கை உறுதிசெய்தால் போதும். தாயின் பங்கை முழுதாக வெட்ட வேண்டியதில்லை.

உறவுநிலையை வைத்துத் தகுதியை அளக்கும் வழக்கம் விதவையோடு நிற்கவில்லை. மகளுக்கும் அதே முழக்கோல். விதவை மகளுக்கும் விவாகரத்தான மகளுக்கும் 25 வயதுக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று மத்திய அரசு ஏற்றது 2004 ஆகஸ்டில். திருமணமே ஆகாத மகளுக்கு அந்த உரிமை வந்தது 2007 செப்டம்பரில். பெற்றோர் உயிரோடு இருந்தபோதே விவாகரத்து வழக்கு தொடுத்திருந்தால், தீர்ப்பு அவர்கள் மறைவுக்குப் பின் வந்தாலும் மகளுக்குத் தகுதி உண்டு என்று 2017இல் தெளிவுபடுத்தினார்கள். அதற்கு முன்னால், குடும்பநல நீதிமன்றத்தின் வாய்தாக்களுக்குள் தந்தையும் தாயும் காலமாகிவிட்டால் அந்த மகளுக்கு ஒன்றும் இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு திருமணம் செய்தவர்களின் மனைவியருக்கும் ஒரு காலத்தில் கதவு மூடியிருந்தது. 1989இல் பகவந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திறந்தது. ராணுவத்தில் இளம் வயதிலேயே ஓய்வுபெற்று வீடு திரும்புபவர்கள் அதன் பிறகுதானே கல்யாணம் செய்துகொள்வார்கள் என்பது அந்த வழக்கின் பின்னணி.

இரண்டாம் மனைவியின் நிலை இன்னும் சிக்கலானது. ஒன்றுக்கு மேற்பட்ட விதவைகள் இருந்தால் சமமாகப் பிரித்துத் தர வேண்டும் என்று விதியில் இருக்கிறது. அந்த வரியை நம்பிப் பல பெண்கள் நீதிமன்றம் போகிறார்கள். ஆனால் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி முதல் மனைவி இருக்கும்போது செய்த திருமணம் செல்லாது. மெட்ராஸ் மாகாணத்தில் 1949ஆம் ஆண்டே இருதாரத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ராமேஸ்வரி தேவி எதிர் பீகார் மாநிலம் என்ற வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: இரண்டாம் மனைவிக்கு ஓய்வூதியத்தில் உரிமை இல்லை, அவருடைய பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றப்பட்ட பெண்ணும் இந்தத் தீர்ப்பின் கீழ் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு முகமும் இருந்தது. சடங்குகள் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் தெய்வானை ஆச்சி வழக்கில் கூறியது. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967இல் வந்த திருத்தம், நடந்து முடிந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்துச் செல்லும்படியாக்கியது. ‘சட்டப்படியான மனைவி’ என்ற தகுதியில் தொங்கும் எல்லா உரிமைகளும் எத்தனையோ பெண்களுக்கு அந்த ஒரு சட்டத்தால் உறுதியாயின. உறவை அங்கீகரிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கும்போது அது எந்தப் பக்கமும் வேலை செய்யும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று இது.

கடைசியாகத் தமிழக அரசின் நலத்திட்டங்களைப் பார்த்தேன். ஆதரவற்ற விதவைகளுக்கு ஓய்வூதியம் 1975இல் தொடங்கியது. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு 1986இல். 50 வயது கடந்த, திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு 2008இல். ஒவ்வொன்றும் பல குடும்பங்களில் அடுப்பெரிய வைக்கும் நல்ல திட்டம். ஆனால் ஒவ்வொன்றின் வாசலிலும் முதலில் கேட்கும் கேள்வி கணவனைப் பற்றியதாகவே இருக்கிறது. அதே 1975இல் தொடங்கிய இன்னொரு திட்டம் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமண நிதியுதவித் திட்டம். மறுமணம் செய்துகொள்ளும் விதவைக்கு 25,000 ரூபாயும், பட்டதாரியாக இருந்தால் 50,000 ரூபாயும், தாலிக்கு 8 கிராம் தங்கமும் தருகிறது அரசு. ஒரு கையால் மறுமணத்துக்குத் தங்கம் தரும் அரசு இன்னொரு கையால் மறுமணம் செய்தவளின் மாத வருமானத்தை நிறுத்துகிறது. விதவை மறுமணம் நல்லது என்பதுதான் அரசின் கொள்கை என்றால், ஓய்வூதிய விதியும் அந்தக் கொள்கைக்கு இணங்க வேண்டும்.

முடியாத காரியமும் இல்லை. கம்பெனி காலத்தில் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்த பிரிட்டனே தன் படைவீரர்களின் துணைவர்களுக்கு 2015 ஏப்ரல் 1 முதல் அதைக் கைவிட்டுவிட்டது. அங்கே மறுமணம் செய்தாலும், சேர்ந்து வாழ்ந்தாலும் ஓய்வூதியம் வாழ்நாள் முழுவதும் தொடரும். நம் நாட்டிலும் 2017இல் விருது பெற்ற வீரர்களின் மனைவியருக்கு அதைச் செய்துவிட்டோம். 2024 ஜனவரியில், விவாகரத்து வழக்கோ குடும்ப வன்முறை வழக்கோ நடந்துகொண்டிருக்கும் பெண் ஊழியர், கணவனுக்கு முன்பாகப் பிள்ளைகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க எழுதிக்கொடுக்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. காகிதத்தில் உள்ள உறவைவிட வாழ்க்கையில் உள்ள உறவைப் பார்க்க அரசால் முடியும் என்பதை அந்த ஆணை காட்டுகிறது.

என் தேடலின் முடிவு இதுதான். மறுமணம் வரை என்ற நிபந்தனை ஓய்வூதியத்தின் தர்க்கத்திலிருந்து பிறந்தது அல்ல. விதவையின் கையில் இருக்கும் சொத்து கணவன் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்ற பழைய ஏற்பாட்டின் மிச்சம் அது. சொத்துச் சட்டம் அதைத் துறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பிள்ளைகள் இல்லாத விதவைக்கு மத்திய அரசு தந்திருக்கும் உரிமையைப் பிள்ளைகள் உள்ள விதவைக்கும், மாநில ஊழியர்களின் குடும்பங்களுக்கும், ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்களுக்கும் ஒருசேரத் தர வேண்டும். தேவையை அளக்க வருமான வரம்பு போதும்.

விதி மாறும் வரை வாசகர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. உங்கள் வீட்டில் அரசு ஊழியரோ ஓய்வூதியரோ இருந்தால் திருமணப் பதிவுச் சான்று இருக்கிறதா, பணிப்பதிவேட்டிலும் ஓய்வூதியக் கொடுப்பாணையிலும் மனைவி, பிள்ளைகள் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா, விதவையாகவோ விவாகரத்தாகியோ வீட்டில் இருக்கும் மகளின் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். விட்டுப்போயிருந்தால், ஊழியர் உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுத்துச் சேர்த்துவிடுங்கள்.